சில்லு தாழும் இடங்கள்

மாரி பிறந்துவிட்டால் வட இலங்கையில் வன்னியின் காட்டுப்பாதைகள் முழுக்கச் சேறாகிவிடும் என்று நகரத்தில் இருப்பவர்கள் நினைப்பதுண்டு. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியவர்கள் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஏழெட்டுக் கிலோமீற்றர் நீளமான பாதையில் சில்லு தாழக்கூடிய இடம் ஐந்தோ ஆறோதான் இருக்கும். மிச்சமெல்லாம் நனைந்து கிடக்கும், வழுக்கும், கிளைகள் முகத்தில் அடிக்கும். ஆனாலும் வண்டி போய்விடும். ஓட்டுநரின் கைத்திறன், பயம், டீசல் செலவு எல்லாம் அந்த ஐந்தாறு இடங்களில்தான் தீர்கின்றன.

முத்தையன்கட்டுக் குளத்துக்குப் பக்கத்தில் அப்படிப்பட்ட ஓட்டுநர் ஒருவர் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஊருக்கு அவர் ‘மிசின் அண்ணை’. காட்டுக்கு அப்பால் இருக்கும் வயல்களுக்கு விதைநெல்லும் பசளையும் ஏற்றிப் போவதும், அரிவி வெட்டு முடிந்ததும் நெல் மூடைகளை வெளியே கொண்டுவருவதும்தான் அவருடைய வாழ்க்கை.

அவர் தொழிலுக்குள் வந்தது 1970களின் நடுப்பகுதியில். அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்ததால் வடக்கில் விளைந்த மிளகாய்க்கு நல்ல விலை. யாழ்ப்பாணத்திலிருந்து இளைஞர்கள் வந்து முத்தையன்கட்டில் காணி எடுத்து மிளகாய் போட்ட காலம் அது. அந்தக் காசில் அவருடைய மாமா ஒரு லாண்ட்மாஸ்டர் வாங்கினார். லாண்ட்மாஸ்டர் இங்கிலாந்துத் தயாரிப்பு. பின்னால் குபோட்டா, யன்மார் என்று ஜப்பான் இயந்திரங்களும், அதன்பின் சீன இயந்திரங்களும் வந்தன. ஆனால் இரண்டு சில்லில் ஓடும் எதுவானாலும் ஊரில் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றுதான் பெயர்.

அந்த இயந்திரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், 7 முதல் 15 குதிரைவலு வரை. முன்னால் இரண்டு சில்லு, பின்னால் கொளுவிய பெட்டி. ஓட்டுகிறவர் பெட்டியின் முன்பக்கத்தில் இருந்துகொண்டு நீண்ட இரண்டு கைபிடிகளைப் பிடித்திருப்பார். ஸ்டியரிங் கிடையாது. ஒவ்வொரு கைபிடிக்கும் கீழே ஒரு லீவர் இருக்கிறது. இடது லீவரை அழுத்தினால் இடது சில்லுக்குப் போகும் இழுவை அறுந்துவிடும். வலது சில்லு மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் திரும்பும்.

சமதரையிலும் ஏற்றத்திலும் இதுதான் கணக்கு. இறக்கத்தில் அப்படியே தலைகீழ். பாரம் ஏற்றிய பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது எஞ்சினோடு பிணைந்திருக்கும் சில்லு மெதுவாக உருளும். லீவர் அழுத்தி விடுவித்த சில்லு தன்பாட்டில் வேகமாக ஓடும். ஆகவே இடது லீவரைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் பாயும். புதிதாக ஓட்டுகிறவர்கள் மரத்தில் மோதுவதும், குளக்கட்டிலிருந்து உருண்டு விழுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

காட்டுப்பாதையில் இது இன்னும் மோசம். சேற்றிடம் ஒவ்வொன்றும் ஏதாவதொரு இறக்கத்தின் அடியில் இருக்கிறது. இறங்கும்போது லீவர் தலைகீழாக வேலை செய்யும். அடிக்கு வந்து சேறு சில்லைப் பிடித்த கணத்தில் பழையபடி நேராகிவிடும். கை யோசிக்கும் முன் வண்டி திரும்பிவிடும். “இறக்கத்தில லீவரைத் தொடாதை தம்பி, கைபிடியைத் தள்ளித் திருப்பு. மேலேயே நேராக்கிக்கொண்டு இறங்கு” என்று மாமா சொல்லிக் கொடுத்ததை அவர் இன்றைக்கும் புதுப் பொடியன்களுக்கு அதே சொற்களில் சொல்கிறார்.

சேறு ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் இருக்கிறது என்பதற்கு மண் பதில் சொல்லும். வன்னி நிலம் பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் மெல்லிய அலைபோல ஏறி இறங்குகிறது. மேட்டில் செங்கபில மண். காய்ந்தால் பாறைபோல் இறுகும், நனைந்தால் ஒட்டும், ஆனாலும் தண்ணீர் வடிந்துவிடும். சரிவின் அடியில் சாம்பல் நிறத்து நீர்தேங்கும் மண். மாரி முழுக்க நிலத்தடி நீர் அங்கே தரைக்கு மிக அருகில் நிற்கும். மழை விட்டு ஒரு கிழமை வெயில் எறித்தாலும் மேடுதான் காயும், பள்ளம் காயாது. மன்னார்ப் பக்கம் போனால் கதையே வேறு. முருங்கன் களிமண் கறுத்த, அடியற்ற பசை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அந்தக் களியைத்தான் ரயிலில் ஏற்றிப்போனார்கள். மாரியில் அதற்குள் இறங்கிய ரயர் இரண்டு சுற்றுக்குள் வழுவழுத்த உருளையாகிவிடும். ரயரின் பூ எதுவும் வெளியே தெரியாது.

பள்ளம் எங்கே வரும் என்பதை மரங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார் மிசின் அண்ணை. பாலையும் முதிரையும் வீரையும் நிற்கும் இடத்தில் பயமில்லை, கீழே வடிகிற மண். மருத மரம் தலைகாட்டினால் ஆறோ ஓடையோ பக்கத்தில் இருக்கிறது. பாதையோரத்தில் புல் மறைந்து கோரை தொடங்கினால் கியரைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. யானைத் தடமும் உதவும். அதே பாதையில் முதல்நாள் இரவு நடந்த யானையின் கால் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தால், மேலே இருப்பது சேற்றுப் பூச்சா, உள்ளேயும் சேறுதானா என்பது விளங்கிவிடும்.

சேற்றிடம் வந்ததும் வண்டியை மேட்டிலேயே நிறுத்த வேண்டும். இறங்கி, ஒரு தடியை வெட்டிக்கொண்டு, நடந்து கடந்து பார்க்க வேண்டும். சாண் ஆழச் சேற்றுக்குக் கீழே தடி ‘டொக்’ என்று நின்றால் போகலாம். தடி தடையில்லாமல் இறங்கிக்கொண்டே போனால் வேறு வழி தேட வேண்டும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் ஓடையைவிடத் தேங்கி நிற்கும் குழி மோசமானது. ஓடுகிற தண்ணீர் சேற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும், அடியில் மணல் கிடைக்கும்.

1980களில் அவர் நாலு சில்லுக்கு மாறினார். அது பழைய மெசி பெர்குசன் 135. 1964 கடைசியில் உலகச் சந்தைக்கு வந்த மாதிரி. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், சுமார் 45 குதிரைவலு, எடை ஒன்றரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய கணக்கில் சின்ன இயந்திரம். இப்போது வன்னியில் கூடுதலாக ஓடுவது டாஃபே 45 டிஐ. சென்னையில் 1960இல் மெசி பெர்குசன் கூட்டுறவோடு தொடங்கிய நிறுவனத்தின் இயந்திரம் என்பதால் கைக்கும் காலுக்கும் பழைய மெசியின் பழக்கமே போதும்.

நாலு சில்லு என்று பெயர் இருந்தாலும் இழுப்பவை பின்சில்லு இரண்டுதான். அவை பிடிக்க வேண்டுமானால் அவற்றின் மேல் பாரம் வேண்டும். அதனால் மாரிக்கு முன்பு பின் ரயர்களில் முக்கால் பங்குக்குத் தண்ணீர் ஏற்றுவார். ஒரு ரயருக்கு 100 லீற்றருக்கு மேல் போகும். இரண்டிலுமாக 200 கிலோவுக்கு மேல் எடை கூடும், செலவில்லை. பெட்டியில் மூடை அடுக்குவதிலும் ஒரு கணக்கு உண்டு. நெல் மூடை ஒன்று 60, 70 கிலோ இருக்கும். இரண்டு சில்லுப் பெட்டியில் பாரத்தைச் சற்று முன்னுக்கு வைத்து அடுக்கினால் பெட்டியின் ஏர்க்கால் இயந்திரத்தின் பின்பக்கத்தை அமத்தும், சில்லு பிடிக்கும். பின்னுக்கு அடுக்கினால் ஏர்க்கால் மேலே தூக்கும். நல்ல தரையில்கூடச் சில்லு சுற்றும். அளவுக்கு மிஞ்சி முன்னுக்கு வைத்தாலோ முன்சில்லு தரையில் பதியாது, ஸ்டியரிங் பேசாது.

கியரை மேட்டிலேயே தெரிவு செய்துவிட வேண்டும். சேற்றுக்குள் கிளட்ச் மிதித்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும்; நின்ற இடத்தில் சில்லு தாழத் தொடங்கும். தாழ்ந்த வரிசையில் இரண்டாம் கியர், எஞ்சின் ஒரே சீரான சத்தத்தில். வேகமும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம். ஒரு பக்கச் சில்லு மட்டும் சறுக்கும் என்று தோன்றினால் சறுக்கும் முன்பே டிஃப் லொக்கை மிதித்துவிடுவார். அது இரண்டு பின்சில்லையும் ஒன்றாகப் பூட்டி ஒரே வேகத்தில் சுற்றவைக்கும். சில்லு வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் பல்லு உடையும். பூட்டிய நிலையில் வளைவெடுக்கவும் முடியாது. சேற்றைக் கடந்து மேடேறியதும் காலை எடுத்துவிட வேண்டும்.

முன்சில்லு சேற்றில் வழுக்கிக்கொண்டு, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் வண்டி நேரே போகும் நிலைமையும் வரும். அப்போது கைகொடுப்பது பிறேக். உழவு இயந்திரத்தில் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் தனித்தனியே பிறேக் மிதி உண்டு. இடது மிதியை மெல்ல அமத்தினால் இடது சில்லு தாமதிக்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். தார் ரோட்டுக்கு வந்ததும் இரண்டு மிதியையும் கொளுக்கியால் சேர்த்துவிட மறக்கக்கூடாது. வேகமாகப் போகும்போது ஒரு பக்க பிறேக் மட்டும் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தும் சில்லு தாழத்தான் செய்யும். அப்போது என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் மிசின் அண்ணை முதலில் சொல்வார்.

“தாண்டு போச்சு எண்டு தெரிஞ்ச உடனே காலை எடு. ஒருக்கா வெறுஞ்சுத்துச் சுத்தினாலும் பிறகு தோண்டுற வேலை ரெட்டிப்பு.”

“இன்னும் கொஞ்சம் முறுக்கினா ஏறிடும் போல இருந்தது அண்ணை.”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும். சில்லு குழி வெட்டுது, உனக்கு ஏறுற மாதிரித் தெரியுது.”

முதல் வேலை, வந்த தடத்திலேயே றிவேர்ஸில் வெளியே வர முயல்வது. முன்னே இருப்பது தெரியாத மண். பின்னே இருப்பது ஏற்கெனவே பாரம் தாங்கிய மண். முடியாவிட்டால் பெட்டியைக் கழற்றிவிட்டு, இயந்திரத்தை மட்டும் மேட்டுக்குக் கொண்டுபோய், நல்ல தரையில் நின்றுகொண்டு நீளக் கம்பிவடத்தால் பெட்டியை இழுக்க வேண்டும். வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. வடத்தின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிடுவார்கள். அறுந்தால் வீச்சைக் குறைக்கும். அதன் அருகில் எவரையும் நிற்கவிடக்கூடாது.

சில்லுக்கு முன்னால் குறுக்கே மரக்கட்டையை வைத்துக் கட்டி, சில்லு சுற்றும்போது கட்டை நிலத்தில் ஊன்றி வண்டியைத் தூக்கும் என்று செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கும், உண்மைதான். ஆனால் கட்டை மண்ணில் சிக்கிச் சில்லு சுற்ற முடியாமல் போனால் எஞ்சினின் வலு போக வேறு வழியில்லாமல் இயந்திரத்தின் உடம்பையே பின் அச்சைச் சுற்றித் திருப்பும். முன்சில்லு எழும்பும். முன்பக்கம் எழும்பத் தொடங்கி, இனித் தடுக்க முடியாது என்ற நிலைக்கு வர ஒரு விநாடிகூட ஆகாது. ஒன்றரை விநாடிக்குள் இயந்திரம் மல்லாந்து ஓட்டுநரின் மேல் கிடக்கும். கிளட்சை மிதிக்கலாம் என்று நினைத்துக் கால் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இழுவைச் சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே எங்காவது கட்டினாலும் இதே ஆபத்து. எப்போதும் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும்.

இயந்திரம் இப்படிப் புரள்வதால் நேரும் இறப்புகளைத் தடுக்கவே சுவீடன் 1959இல், புதிதாக விற்கும் உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்ச்சிப் பாதுகாப்பு இரும்புச் சட்டம் கட்டாயம் என்று விதித்தது. அதன்பின் அங்கே இயந்திரம் புரண்டு இறப்பவர் தொகை பெருமளவு குறைந்தது. வன்னியில் ஓடும் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இருப்பது வெயிலுக்குப் போட்ட தகரக் கூடாரம். புரண்டால் அது தாங்காது.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருளும் பற்றரியும் தடைப் பட்டியலில் இருந்தன. அவருடைய மெசியின் பற்றரி செத்த பிறகு புதியது கிடைக்கவில்லை. உருட்டித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்; அதனால் எங்கே நிறுத்தினாலும் மேடு தேடி நிறுத்துவார். பள்ளத்துச் சேற்றில் எஞ்சின் நின்றுவிட்டால் மாடு பூட்டி இழுக்கும்வரை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். கையால் சுற்றி ஸ்டார்ட் செய்யும் பழைய லாண்ட்மாஸ்டர்களுக்கு அந்த ஆண்டுகளில் திரும்பவும் மதிப்பு வந்தது. 2009இல் போரின் இறுதியில் சனங்கள் ஏற்றக்கூடியதையெல்லாம் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். அந்த இயந்திரங்களில் பல திரும்பி வரவில்லை. அவருடைய மெசியும் வரவில்லை.

மீளக் குடியேறியபோது காடு வேறாக இருந்தது. பாதையோரங்களில் மண்டை ஓட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகள். ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற நிறுவனங்களும் இராணுவமும் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தன. பாதையின் நடுவில் குழி விழுந்தால் காட்டுக்குள் இறக்கிச் சுற்றிப்போவதுதான் அதுவரை வழக்கம். அது முடியாது போயிற்று. துப்புரவாக்கிய தடத்தை விட்டு ஒரு முழம்கூட விலக முடியாது. ஒரே தடத்தில் எல்லா வண்டியும் போகப் போகப் பள்ளம் ஆழமானது. அச்சு தரையில் முட்டும் அளவுக்கு ஆழமானபோது, தடத்துக்குள்ளேயே கட்டைகளைக் குறுக்காக அடுக்கி அதன்மேல் மண் போட்டு ஓட்டினார்கள். சுற்றிப்போகும் பழக்கத்தால் பாதை எவ்வளவு அகன்று கெட்டிருந்தது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது என்கிறார் அவர். சுற்றிப்போகும் ஒவ்வொரு வண்டியும் புதிய சேற்றிடம் ஒன்றை உண்டாக்குகிறது. வேரோடு இருக்கும் மண்ணைப் பிளந்தால் அடுத்த மழைக்கு அதுவும் குழி.

“மாரியில் ஏன் ஓட்ட வேண்டும், காய்ந்த பிறகு போகலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. பயிர் காத்திருக்காது. காலபோக நெல்லை முதல் மழையோடு ஒக்டோபர், நவம்பரில் விதைப்பார்கள். மேலுரம் போட வேண்டிய கிழமைகள் கார்த்திகை, மார்கழியில் வருகின்றன. முல்லைத்தீவின் ஆண்டு மழையில் பெரும்பங்கு கொட்டுவதும் அப்போதுதான். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த மழையில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் வெள்ளக்காடாகின. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறக்க வேண்டி வந்தது. அப்படியான நாட்களில் மட்டும் அவர் இயந்திரத்தை எடுக்க மாட்டார். எவ்வளவு கூலி சொன்னாலும் ஓடை வற்றும்வரை பொறுக்கச் சொல்லிவிடுவார்.

சேற்றில் வீணாகும் டீசல் எவ்வளவு என்பதை எல்லோரும் எண்ணிப் பார்த்தது 2022இல். அந்த ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 460 ரூபாய்க்கு ஏறியது, பிறகு கியூ.ஆர். பங்கீட்டில்தான் கிடைத்தது. நெல்லுக் கொண்டுவரும் கூலியில் பாதி பாதையே குடித்துவிடுகிறது என்று கமக்காரர்கள் நொந்துகொண்ட ஆண்டு அது.

இதற்கு வழி உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் முழுப் பாதைக்கும் கிரவல் கேட்டு மனுக் கொடுக்கிறார்கள். பணம் வருவதில்லை; வந்தாலும் நெடுகத் தூவிய கிரவல் ஒரு மாரியில் சேற்றுக்குள் இறங்கிவிடுகிறது. மேட்டில் கொட்டும் கிரவல் வீண், அங்கே ஏற்கெனவே நல்ல தரை இருக்கிறது. தாழ்விடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் குறுக்கே போக ஒரு குழாய் மதகு, இரு கரையிலும் வாய்க்கால், மதகின் மேலும் இருபக்கச் சரிவிலும் மட்டும் கனமாகக் கிரவல் போட்டு உருளை இழுத்தால் அதே பாதை மார்கழியிலும் வண்டியை விடும். எந்த இடம் என்று காட்ட அந்தந்த ஊர் ஓட்டுநர்களைக் கேட்டாலே போதும். பாதை வனத்துக்குள் போவதால் வனவளத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கமக்காரர் அமைப்பு மாரிக்கு நன்கு முன்னதாகவே இடங்களைக் குறித்து, கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச சபைக்கும் எழுதிக் கொடுத்தால்தான் புரட்டாதி முடிவதற்குள் வேலை நடக்கும்.

அதுவரை, அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு மிசின் அண்ணை கேட்டுக்கொள்வது இதுதான். மட்காட்டில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். ஏர்க்காலில் எவரும் நிற்காதீர்கள். சேற்றிடம் வருமுன் பெட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கி நடந்து கடவுங்கள். ஓட்டுகிறவர் மட்டும் இயந்திரத்தில் இருக்கட்டும். புதிதாக இயந்திரம் வாங்குகிறவர்கள் கூடாரத்தோடு நிறுத்தாமல், புரண்டால் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு கேட்டு வாங்குங்கள்.